சம்பந்தி வீட்டு மூட்டைகள்

கொச்சிக்குப் போன சரக்கு திரும்பி வந்தது. அதுவும் நடுப்பகலில், போடிக் கடைவீதி முழுவதும் கண்ணைத் திறந்து வைத்திருக்கும் நேரத்தில்.

லாரிக்காரன் தார்ப்பாயை உருவி எறிந்ததும், ஏலக்காய் மூட்டைகளின் மேல் குத்தியிருந்த கிடாய்க்கொம்பு முத்திரைகள் வரிசையாகத் தெருவைப் பார்த்தன. உக்கிரபாண்டி தம்முடைய சரக்குக் கிட்டங்கி வாசலில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எழுந்திருக்கவில்லை. எழுந்தால் பதறியதாக ஆகிவிடும். குலசாமிக்கு வெட்டிய கிடாயின் கொம்பைப் பார்த்து அவருடைய தாத்தா அச்சு வெட்டிய மார்க்கா அது. மூன்று தலைமுறையாக, போன இடத்திலிருந்து அந்த மார்க்கா திரும்பி வந்ததில்லை.

எதிர்க்கடைக் காசிமாயன் வெற்றிலையை மென்றுகொண்டே படியிறங்கி வந்தார்.

"என்னண்ணே, புருசன் வீட்டுக்குப் போன பிள்ளை பெட்டி படுக்கையோட வந்திருக்கு போல?"

"வந்தா வச்சுச் சோறு போடுவோம், காசி. நீ ஒன் கடையப் பாரு."

"கோவிக்காதீக. எறக்க ஆளு வேணும்னா எங்க பயலுகள அனுப்புறேன்."

"எங்க ஆளுக இன்னும் சாகல."

கடைசி மூட்டை உள்ளே போகும்வரை அவர் அசையாமல் இருந்தார். பிறகுதான் எழுந்தார். முழங்காலில் யாரோ மணலைக் கொட்டியது போல இருந்தது. வறட்சி வந்து மலையில் பாதிச் செடி கருகிய ஆண்டிலிருந்தே இந்த அலுப்பு அவரை விடவில்லை. மறுபடி நட்டு, மறுபடி காய் எடுத்து, இப்போதுதான் மூச்சு விட்டிருந்தார். அதற்குள் இது.

மகன் காமராஜ் கொச்சியிலேயே தங்கி, ஏற்றுமதிக் கம்பெனிக்காரர்களிடம் பேசிக்கொண்டிருந்தான். சாயங்காலம் டிரங்கால் போட்டுப் பேசினான்.

"அப்பா, காய் மோசம்னு சொல்லல. சீரா இல்லேங்கிறாங்க. ஒரு மூட்டை கனக்குது, அடுத்த மூட்டை பஞ்சா இருக்குது. கனத்ததுல ஈரம் நின்னு பச்சை வெளுத்துப் போச்சு. லேசா இருக்கிறதுல காய் வெடிச்சுக் கெடக்குது."

"ரெண்டையும் கலந்து நிறுத்தா அவங்க கேட்ட எடை வரும்ல?"

"அதச் சொன்னேன். சிரிக்கிறாங்க. அரபுக்காரனுக்கு இப்ப கௌதமாலாக் காய் கெடைக்குதாம். பொங்கலுக்குள்ள இன்னொரு லோடு அனுப்பணும். அதுவும் இப்படி இருந்தா, கொம்பு மார்க்காவ இனி தொடவே மாட்டோம்னு சொல்லிட்டாங்கப்பா."

உக்கிரபாண்டி ரிசீவரை வைத்தார்.

கொம்பு மார்க்காவுக்கு இரண்டு இடத்துக் காய் வந்துகொண்டிருந்தது. ஒன்று போடிமெட்டுக்கு அப்பால் இருந்த அவருடைய சொந்தத் தோட்டத்துக் காய். பறித்த பச்சைக் காயை அங்கேயே தீ மூட்டி உலர்த்துவார்கள். உலர்த்தும் அந்தக் கூடத்துக்கு மலையில் ஸ்டோர் என்று பெயர். உலர்ந்த காய் ஜீப்பில் போடிக்கு இறங்கும். இன்னொன்று, குரங்கணிக்கு மேலே சம்பந்தி வேலுச்சாமியின் தோட்டத்துக் காய். காமராஜுக்குப் பெண் கொடுத்த நாளிலிருந்து வேலுச்சாமி தம் சரக்கை வேறு யாருக்கும் விடவில்லை. தம்முடைய ஸ்டோரிலேயே உலர்த்தி, கோவேறு கழுதைகளில் ஏற்றி அடிவாரத்துக்கு இறக்கி, அங்கிருந்து லாரியில் அனுப்புவார்.

சொந்தத் தோட்டத்து மூட்டை வந்தால் உக்கிரபாண்டி முதல் மூட்டையை அவிழ்த்து, முழங்கை வரை கையை விட்டு ஒரு பிடி அள்ளுவார். உள்ளங்கையில் தூக்கிப் பார்ப்பார். ஒரு காயைக் கடிப்பார். உடனே, திரும்பிப் போகும் ஜீப்பு டிரைவரிடம், ஸ்டோரில் தீ போடும் அமாவாசைக்கு உத்தரவு சொல்லி அனுப்புவார். ஒரு லோடைக்கூட அவர் சொல் இல்லாமல் விட்டதில்லை. அப்படி விட்டால் முதலாளி எதற்கு?

வேலுச்சாமியின் மூட்டைகளை மட்டும் அவிழ்ப்பதில்லை. வந்தபடியே எடை போட்டு, மார்க்கா குத்தி அடுக்கிவிடுவார்கள். அது அந்தப் பக்கத்து வழக்கம். சம்பந்தி வீட்டு மூட்டைக்குள் கை விடுவது, கட்டிக் கொடுத்த பெண்ணை முற்றத்தில் நிறுத்திப் பல்லை எண்ணிப் பார்ப்பதற்குச் சமம்.

மறுநாள் காலை, சாப்பாடு பரிமாறிவிட்டு நின்ற மருமகள் பொன்னுமணி பேச்சை எடுத்தாள். மதுரையில் புள்ளியியல் படித்தவள். அந்தப் படிப்பு என்னவென்று அந்த வீட்டில் இதுவரை யாரும் கேட்டதில்லை.

"மாமா, வர்ற சரக்க நான் கொஞ்ச நாளு நிறுத்துப் பாக்கட்டுமா?"

"நிறுக்க ஆளு இருக்காகளே ஆத்தா."

"அவுக மூட்டைய நிறுக்கிறாக. நான் லிட்டர் நிறுக்கிறேன்."

ஒரு லிட்டர் டின்னில் காயை நிரப்பி நிறுப்பது வியாபாரத்தில் எல்லோரும் செய்வதுதான். கனத்தால் நல்ல காய் என்பார்கள். உக்கிரபாண்டி அதைச் சொன்னார்.

"கனத்தா நல்ல காயின்னு இல்ல மாமா, ஈரக் காயும் கனக்கும். கொச்சியில இருந்து சொன்னாகள்ல?"

அவர் மனைவி ஜக்கம்மாள் சமையற்கட்டிலிருந்து எட்டிப் பார்த்தாள். "பொம்பளப்பிள்ள கிட்டங்கியில போயி தராசு பிடிக்கிறதா? ஊரு என்ன சொல்லும்?"

"ஊரு நேத்தே சொல்லிருச்சு," என்றார் அவர். வேறு நாளாக இருந்தால் மறுத்திருப்பார். மறுப்பதற்கும் தெம்பு வேண்டும்.

காய் பொறுக்கும் பெண்கள் உட்காரும் கூடத்தின் மூலையில் பொன்னுமணிக்கு ஒரு மேசை போட்டார்கள். சொந்தத் தோட்டத்திலிருந்து வருகிற ஒவ்வொரு லோடிலும் கண்ணை மூடிக்கொண்டு தொடுவது போல ஏதாவது சில மூட்டைகளைத் தொட்டு, மேலிருந்தும் நடுவிலிருந்தும் அடியிலிருந்தும் காய் எடுத்து லிட்டர் நிறுத்தாள். சுவரில் ஒட்டிய கட்டம் போட்ட தாளில் லோடுக்கு ஒரு புள்ளி வைத்தாள். புள்ளிகள் சேர்ந்ததும் நடுவில் ஒரு கோடும், அதற்கு மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இன்னும் இரண்டு கோடுகளும் இழுத்தாள். பொறுக்கும் பெண்கள் அதைப் பார்த்து, "முதலாளி வீட்ல கோலம் சுவத்துல போடுறாக," என்று சிரித்தார்கள்.

மழை விட்டிருந்த ஒரு காலையில் உக்கிரபாண்டி அந்தத் தாளின் முன்னால் வந்து நின்றார்.

"இது என்னத்தா?"

"ஒரே மூட்டைக்குள்ளயே லிட்டருக்கு லிட்டர் கொஞ்சம் வித்தியாசம் வரும் மாமா. அது காயோட கொணம், யாரையும் குத்தம் சொல்ல முடியாது. அந்த வித்தியாசத்த வச்சுத்தான் மேலயும் கீழயும் கோடு போட்டிருக்கேன். ரெண்டு கோட்டுக்குள்ள புள்ளி எங்க விழுந்தாலும் கண்டுக்கிறப்படாது. கோட்டத் தாண்டி விழுந்தா, அது காயோட கொணமில்ல. யாரோ ஏதோ பண்ணியிருக்காக."

அவர் தாளைப் பார்த்தார். புள்ளிகள் கோடுகளுக்குள் இருக்கவே இல்லை. ஒன்று மேல் கோட்டுக்கு மேலே. அடுத்தது கீழ்க் கோட்டுக்குக் கீழே. மறுபடி மேலே. மறுபடி கீழே. அவருடைய சொந்தத் தோட்டத்துச் சரக்கு, போடிமெட்டுச் சாலை போல வளைந்து வளைந்து கிடந்தது.

"நடுக்கோடு சரியாத்தானே நிக்குது?" என்றார். "சராசரி வந்துருச்சே."

"ஒரு நாளு கொழம்பு உப்புக் கரிக்குது. மறுநாளு உப்பே இல்ல. ரெண்டு நாளையும் சேத்துப் பாத்தா சரியான உப்புத்தான் மாமா. ஆனா ரெண்டு நாளும் ஆரும் சாப்பிட்டிருக்க மாட்டாக."

அவருக்குச் சுருக்கென்றது. மருமகள் சொன்னதற்காக இல்லை. தம் குடும்பத்துச் சரக்கைப் பற்றி ஒரு காகிதம் பேசுகிறதே என்று. உடனே மனம் வேறு இடத்துக்குப் போனது. அடுக்கி வைத்த இடத்தில் வேறு சரக்கு கலந்திருக்கும். அவிழ்க்காமல் வருகிற மூட்டை எது? அதை யாரும் பார்த்ததே இல்லையே.

"இதுல குரங்கணிக் காய் இல்லையே," என்றார்.

பொன்னுமணி தலையைக் குனிந்துகொண்டாள். "நான் எப்படி மாமா அவுக்கிறது? நீங்க அவுக்கச் சொன்னா அவுக்கிறேன்."

"ஒங்க அப்பா மூட்டைய அவுத்தா நான் சம்பந்தி இல்ல ஆத்தா, செக்போஸ்டுக்காரன்."

அப்படிச் சொன்னாரே தவிர, அந்த எண்ணம் அவரை விட்டு இறங்கவில்லை. சாப்பிடும்போது கூடவே உட்கார்ந்தது. படுத்தால் பக்கத்தில் படுத்தது. திரும்பி வந்த மூட்டைகளில் சொந்தக் காயும் இருந்தது, குரங்கணிக் காயும் இருந்தது. மூன்று தலைமுறையாகக் கெடாத மார்க்கா, சம்பந்தம் செய்த பிறகு கெட்டிருக்கிறது. இதில் கணக்குப் போட என்ன இருக்கிறது? ஜக்கம்மாளும் அதையே வேறு விதமாகச் சொன்னாள்: "மரியாதை பாத்துப் பாத்து நம்ம மூக்கு அறுந்துரும் போல இருக்கு."

குரங்கணி லோடு வந்தது. அன்றைக்கென்று லாரியின் முன்சீட்டில் வேலுச்சாமியும் வந்திருந்தார். மகளைப் பார்த்துப் போகலாம் என்று தோட்டத்து மலைவாழைத் தார் ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். மெலிந்த மனிதர். தோளில் துண்டு, காலில் மலைச் சேறு.

"வாங்க சம்பந்தி. உக்காருங்க," என்றார் உக்கிரபாண்டி. ஆட்கள் வழக்கம்போல மூட்டைகளை எடைமேடையிலிருந்து அச்சு குத்தும் இடத்துக்குத் தூக்கினார்கள். அவர் கையைத் தூக்கி நிறுத்தினார்.

"அந்த மூட்டைகள அவுங்கடா."

கூடத்தில் காய் பொறுக்கும் சத்தம் நின்றுவிட்டது. தூக்கிய மூட்டையோடு ஆட்கள் அப்படியே நின்றார்கள். எதிர்க்கடையில் காசிமாயன் வாசலுக்கு வந்துவிட்டார்.

வேலுச்சாமி சம்பந்தியின் முகத்தைப் பார்த்தார். பிறகு மகளைப் பார்த்தார். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"சொல்றாகள்ல, அவுங்கப்பா," என்றார் ஆட்களிடம். "முடிச்சு இறுக்கமா இருக்கும். நாந்தான் போட்டது."

பொன்னுமணி அப்பாவின் காயை அப்பாவின் கண்முன்னால் அள்ளி லிட்டர் நிறுத்தாள். டின் தராசில் இடித்தது. ஒரு மூட்டை. இன்னொரு மூட்டை. மேல், நடு, அடி. தாளில் புள்ளி வைத்தாள். அது நடுக்கோட்டின் மேல் ஈ உட்கார்ந்தது போல உட்கார்ந்தது. முன்பு வந்து அடுக்கியிருந்த குரங்கணி மூட்டைகளையும் அவிழ்க்கச் சொன்னார் உக்கிரபாண்டி. அந்தப் புள்ளிகளும் நடுக்கோட்டை விட்டு விரற்கடை நகரவில்லை. கனமும் இல்லை, லேசும் இல்லை.

"பாத்தாச்சா?" என்றார் வேலுச்சாமி.

"சம்பந்தி, அது வந்து..."

"பாத்தாச்சுன்னா நான் வர்றேன். சிலமலையில ஒரு சோலி கெடக்கு."

"சாப்பிட்டுப் போங்க."

"பசி இல்ல."

மகளிடம் மட்டும் தலையை அசைத்துவிட்டு, தெருவில் இறங்கி பஸ்ஸ்டாண்டுப் பக்கம் நடந்தார். காசிமாயன் வழியை மறித்து ஏதோ விசாரித்தார். வேலுச்சாமி நிற்காமல் போனார். சேறு காய்ந்த அந்தக் கால்களைத் தெரு முனை வரை உக்கிரபாண்டி பார்த்துக்கொண்டிருந்தார். வாழைத்தார் எடைமேடையிலேயே கிடந்தது.

பொன்னுமணி அழவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அவர் கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள்.

அடுத்து வந்தது சொந்தத் தோட்டத்து ஜீப்பு. டிரைவர் சின்னச்சாமி மூட்டைகளை இறக்கினான். உக்கிரபாண்டி பழக்கத்தில் முதல் மூட்டைக்குள் கையை விட்டார். காய் பஞ்சு போல இருந்தது. நெற்றுப் போல வெடித்துக் கிடந்தது. உத்தரவு சொல்ல வாய் தானாகத் திறந்தது. அதற்குள் சின்னச்சாமி, ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி, சிரிப்பை அடக்க முடியாமல் கேட்டான்:

"அப்பு, இன்னிக்கு என்ன, சித்திரையா மார்கழியா?"

"என்னடா சொல்ற?"

பையன் நாக்கைக் கடித்துக்கொண்டான். "இல்லப்பு... மேல ஸ்டோர்ல அமாவாசை அண்ணன் அப்படித்தான் கேப்பாரு. ஜீப்பு போயி நின்னதும், 'அப்பு இன்னிக்குச் சித்திரைன்னு சொன்னாரா, மார்கழின்னு சொன்னாரா'ன்னு. சித்திரைன்னா தீயக் கூட்டணும். மார்கழின்னா கொறைக்கணும். எல்லாரும் விளையாட்டுக்குச் சொல்றதுதான் அப்பு. கோவிச்சுக்காதீக."

"போன தடவை என்ன சொல்லி விட்டேன்?"

"சித்திரை. ஈரமா இருக்கு, நல்லாத் தீயப் போடுன்னீக."

"அதுக்கு முந்தி?"

"மார்கழி. வெடிச்சிருக்கு, கொறைன்னீக."

உக்கிரபாண்டி திரும்பிச் சுவரைப் பார்த்தார். பார்க்காமலே தெரிந்தது. மேலே, கீழே, மேலே, கீழே. அவர் கடித்துப் பார்த்த காய், ஸ்டோரை விட்டு இறங்கிய காய். அதற்குச் சொன்ன உத்தரவு போய்ச் சேரும்போது அங்கே வேறு காய் கிடக்கும். வேறு விறகு எரியும், வேறு மழை பெய்யும். அந்தக் காய்க்கு இந்தக் காயின் மருந்து. அது கெட்டு இறங்கும். அதைக் கடித்துப் பார்த்து, அடுத்ததைக் கெடுக்க இன்னொரு உத்தரவு. ஒரு லோடையும் விடாமல் சொல்லியிருக்கிறார். சொல்லாமல் விட்டிருந்தால்...

"சின்னச்சாமி, கொஞ்சம் அங்கிட்டு நில்லு," என்றார். பிறகு மருமகளிடம், குரலைத் தாழ்த்தி, "ஒனக்குத் தெரியுமா ஆத்தா?"

"புள்ளி இப்படி ஒண்ணு விட்டு ஒண்ணா விழுந்தா, ஆரோ ஒவ்வொரு தடவையும் பிடிச்சுத் திருப்புறாகன்னு தெரியும் மாமா. ஆருன்னு நான் சொல்லக்கூடாதுல்ல."

"சொல்லியிருந்தா ஒங்க அப்பா அவமானப்பட்டிருக்க மாட்டாரு."

"அப்ப நான் அப்பாவுக்காகச் சொல்றேன்னு ஆகியிருக்கும்."

இந்தப் பெண் இரண்டு வீட்டு மானத்தையும் ஒரே தராசில் வைத்துக்கொண்டு இத்தனை நாள் கையை அசைக்காமல் நின்றிருக்கிறாள். அவர் மேசையோரத்தில் உட்கார்ந்தார்.

"இப்ப நான் என்ன செய்யணும்?"

"ஒண்ணும் செய்யக்கூடாது மாமா."

"ஒண்ணுமே?"

"அமாவாசை அண்ணனுக்குத் தீயப் பத்தித் தெரியும். அவரு கைப்பக்குவத்துக்கு விடுங்க. புள்ளி கோட்டத் தாண்டினா மட்டும் சொல்லி விடலாம். உள்ள விழுந்தா எப்படி இருந்தாலும் பேசாம இருக்கணும்."

சின்னச்சாமி அன்றைக்கு உத்தரவில்லாமல் மலையேறினான். மேலே அமாவாசை நம்பவில்லையாம். "அப்புவுக்கு மேலுக்குச் சரியில்லையா?" என்று கேட்டானாம்.

அவர் வாழ்நாளில் செய்த வேலைகளிலெல்லாம் இந்தச் சும்மா இருக்கும் வேலையே அவரை அதிகம் களைக்க வைத்தது. லோடு வரும். கை மூட்டைக்குள் போகத் துடிக்கும். இழுத்து மடியில் வைத்துக்கொள்வார். பொன்னுமணி புள்ளி வைப்பாள். முதல் புள்ளி கோட்டுக்குள் நுழைந்தது. அடுத்ததும் உள்ளேயே நின்றது. நடுக்கோட்டுக்குச் சற்றுக் கீழே என்றாலும் உள்ளே. "கொஞ்சம் கூட்டச் சொல்லலாமா?" என்பார். அவள் வேண்டாம் என்று தலையசைப்பாள். நாற்காலியில் சாய்ந்துகொள்வார்.

சரக்கு சீராகிக்கொண்டிருந்தது. ஆனால் பொங்கல் கிட்டே வந்துவிட்டது. சீரான சொந்தக் காயையும் முன்பே வந்திருந்த குரங்கணிக் காயையும் சேர்த்தாலும் ஒரு லோடுக்குப் போதாது. கிட்டங்கியில் கிடந்த மற்றதெல்லாம் சித்திரைக் காயும் மார்கழிக் காயும். குரங்கணியிலிருந்து வேலுச்சாமி அதன் பிறகு ஒரு மூட்டையும் அனுப்பவில்லை.

அவர் போகத்தான் வேண்டும். பெண் எடுத்த வீட்டுக்காரர் பெண் கொடுத்த வீட்டின் படியேறிச் சரக்குக் கேட்பது அவர் குடும்பத்தில் நடந்ததில்லை. ஜக்கம்மாள், "ஆளனுப்புங்களேன்," என்றாள். "தப்பு பண்ணினது ஆளில்லையே," என்று சொல்லிவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டார்.

குரங்கணி வரை ஜீப்பு போனது. அதற்கு மேல் நடை. மழையில் அரித்த பாதையில் நின்று நின்று ஏறினார். எதிரே இறங்கிய கோவேறு கழுதைகளுக்கு ஒதுங்கி வழிவிட்டார். மேலே வேலுச்சாமி தம் ஸ்டோர் வாசலில், உலர்ந்த காயைச் சாக்கில் போட்டு உரசிக் காம்பு நீக்கிக்கொண்டிருந்தார். எழுந்து, "வாங்க," என்றார். சம்பந்தி என்று சொல்லவில்லை.

உக்கிரபாண்டி உட்காராமலே சொன்னார்: "தப்பு எஞ்சரக்குல. எங் கையில."

"பொன்னுமணி சொல்லி விட்டுச்சு."

"எனக்கு ஒங்க காய் வேணும். பொங்கலுக்கு முந்தி லோடு போகணும். அவுத்ததுக்கு மன்னிச்சுக்கங்க."

வேலுச்சாமி சாக்கை உதறினார். தூசி பறந்தது.

"அவுத்தது எனக்கு வலிக்கல. இத்தன நாளா அவுக்காம ஏத்தினீக. அத மரியாதைன்னு நெனச்சேன். நல்ல காயா அனுப்பணுமேன்னு, ஒவ்வொரு மூட்டையும் நானே நின்னு முடிச்சுப் போட்டேன். சந்தேகம் வந்த அன்னிக்குத்தான் அவுத்தீக. அப்ப எங் காய் எப்படி இருந்துச்சுன்னு நீங்க ஒரு நாளும் பாக்கல. நல்லா இருந்தப்பவும் பாக்கல."

"அது வழக்கம்..."

"வழக்கந்தான். தெருவெல்லாம் பாக்க அத மீறினது நீங்க. இனி பழைய வழக்கம் வேணாம். எம் மூட்டை எப்ப வந்தாலும் அவுங்க. ஆனா ஒங்க மூட்டையையும் அதே எடத்துல, அதே தெரு பாக்க, நான் நிக்கயில அவுக்கணும். ஏறாததுன்னா ஏறாதுன்னு ஒங்க வாயால சொல்லணும். அப்பத்தான் எங் காய் லாரியில ஏறும்."

மலைக்காற்று ஸ்டோரின் புகையை இருவர் மேலும் தள்ளியது. உக்கிரபாண்டியின் உள்ளே எதுவோ நிமிர்ந்து, கோபமாக மாறப் பார்த்தது. கொஞ்ச தூரம் எழுந்து, பாதி ஏற்றத்தில் நின்றுவிட்டது. ஏறி வந்த வழியெல்லாம் இதைவிடக் குறைவாகக் கேட்பார் என்று எதிர்பார்த்தோமா என்று தம்மையே கேட்டுக்கொண்டார். இல்லை.

"எப்ப வர்றீக?" என்றார்.

லோடு ஏற்றுகிற நாளில் வேலுச்சாமி தம் மூட்டைகளோடு வந்து இறங்கினார். எடைமேடையை வாசலுக்குக் கொண்டுவரச் சொன்னார் உக்கிரபாண்டி. சுவரில் இருந்த தாளையும் எடுத்துக் கதவில் ஒட்டச் சொன்னார். ஆட்கள் தயங்கினார்கள். "கொண்டாங்கடா வெரசா," என்று ஒரு குரல் போட்டார். கடைவீதி கூடிவிட்டது. காசிமாயன் சுண்ணாம்பு தடவ எடுத்த வெற்றிலையைக் கையிலேயே வைத்திருந்தார்.

முதலில் குரங்கணி மூட்டைகள். அவிழ்த்து, நிறுத்து, புள்ளி வைத்து, கட்டி, மார்க்கா குத்தி, லாரியில் ஏற்றினார்கள். பிறகு சொந்தத் தோட்டத்துச் சரக்கு. அண்மையில் வந்தவை கோட்டுக்குள் நின்றன, ஏறின. அதன் பின் பழைய அடுக்கிலிருந்து ஒன்றை இழுத்துப் போடச் சொன்னார். பொன்னுமணி லிட்டரை நிறுத்து எடையைச் சொன்னாள். புள்ளி வைக்கப் பென்சிலைத் தூக்கியவள் அவரைப் பார்த்தாள்.

"வையி ஆத்தா. விழுற எடத்துல வையி."

புள்ளி மேல் கோட்டுக்கு மேலே விழுந்தது.

"இது ஏறாது," என்றார் உக்கிரபாண்டி. குரல் அவர் நினைத்ததைவிடச் சத்தமாக வந்தது. "ஓரமாத் தள்ளு. இதுல கொம்பு குத்தக்கூடாது. வெறும் சாக்குல உள்ளூர்ல போகட்டும்."

அடுத்தது கீழே விழுந்தது. அதுவும் ஏறாது என்றார். சுவரோரம் முத்திரையில்லாத மூட்டைகள் சேர ஆரம்பித்தன. வேலுச்சாமி கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். முகத்தில் சிரிப்பும் இல்லை, கடுப்பும் இல்லை. நிறுக்கிறவன் தராசு முள்ளைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

காசிமாயனால் பொறுக்க முடியவில்லை. "அண்ணே, அந்த ஓரத்துல தள்ளினது குரங்கணி மூட்டைகளா?"

தெரு முழுவதும் அந்தப் பதிலுக்குக் காத்திருந்தது. மூன்று தலைமுறைப் பெயர் நாக்கு நுனியில் நின்று கனத்தது.

"இல்ல காசி," என்றார் உக்கிரபாண்டி. "அது எங்க சரக்கு. நான் சொல்லிச் சொல்லிக் கெட்டது. சம்பந்தியோடது லாரியில இருக்கு, போயிப் பாத்துக்க."

காசிமாயன் வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டார்.

வேலுச்சாமி கட்டிய கைகளை அவிழ்த்தார். அடுத்த மூட்டையின் ஒரு முனையைப் பிடித்து, "அந்தப் பக்கம் தூக்குங்க சம்பந்தி," என்றார். இருவருமாகத் தூக்கி எடைமேடையில் வைத்தார்கள். அடுக்கில் இன்னும் நிறைய மூட்டைகள் கிடந்தன. இடுப்பு விண்ணென்று தெறித்தது. உக்கிரபாண்டி ஒரு கையால் அதை அழுத்திக்கொண்டு, மறுகையால் முடிச்சை அவிழ்க்கக் குனிந்தார்.